மாமன் இடுப்பில் கிடந்த வெள்ளி

இந்தக் காலத்துப் பெண்களிடம் "இளைத்துவிட்டாயே" என்று சொல்லிப் பாருங்கள், வாயெல்லாம் பல்லாகிவிடும். என் பேத்தி அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகவே விடிந்ததும் பார்க்கைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறாள். ஓடட்டும், நல்லதுதான். ஆனால் உங்களுக்கும் எனக்கும் அது என்ன மாதிரியான சொல் என்று தெரியும். நம் காலத்தில் ஒரு வீட்டுக்குப் போய், அந்த வீட்டு ஆண்பிள்ளையைப் பார்த்து "ஏனுங்க, எளச்சுட்டீங்க?" என்று கேட்டால், கேள்வி அவருக்கு, குத்து அடுப்படியில் நிற்கிறவளுக்கு. கேட்டவருடைய கண் அவர் தோளைப் பார்த்துவிட்டு நேராகச் சமையல்கட்டுப் பக்கம் திரும்பும். எத்தனை தடவை நாமே அப்படித் திரும்பியிருக்கிறோம்!

அந்தச் சொல் ஒருத்தியைப் படுத்திய பாட்டைத்தான் சொல்ல வந்தேன். அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

என் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே தம்பி, என் மாமன். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் அவருக்குத் தோட்டம், மஞ்சள் வெள்ளாமை. நாங்கள் இருந்தது மல்லசமுத்திரத்துக்கு மேற்கே. மாமன் நோம்பி, பண்டிகை என்று வந்தால் வண்டி வாசலில் நிற்பதற்கு முன்னமே மஞ்சள் வாசம் வந்துவிடும். நகக்கண், உள்ளங்கை, வேட்டி ஓரம் எல்லாம் மஞ்சளாக இருக்கும். ஆள் ஓங்குதாங்காக இருப்பார். இரண்டு பேர் பிடிக்க வேண்டிய மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் வாங்கி வண்டியில் போடுவார். என்னை ஒரு தோளிலும் ஆட்டுக்குட்டியை ஒரு தோளிலும் வைத்துக்கொண்டு வரப்பில் ஓடுவார். நான் அவர் குடுமியைப் பிடித்துக்கொள்வேன். குட்டி அவர் காதைக் கடிக்கும்.

அவர் இடுப்பில் ஒரு வெள்ளி அரணாக்கொடி கிடந்தது. அந்த மாதிரிக் கொடி இப்போது யார் வீட்டிலும் இல்லை. அதுவும் எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. கண்ணி கண்ணியாகக் கோத்தது. குறட்டால் நெம்பினால் ஒவ்வொரு கண்ணியாகக் கழன்று வரும். மாமன் உட்கார்ந்தால் அது சதைக்குள் அமுங்கி மறைந்துவிடும், எழுந்தால் அதன் அச்சு வயிற்றைச் சுற்றிப் பதிந்திருக்கும். அந்த அச்சைத் தொட்டுத் தொட்டுத்தான் நான் எண்ணப் பழகினேன்.

அது அம்மா போட்டது. அம்மாவைப் பெற்றவள் செத்தபோது மாமன் கைக்குழந்தை. இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவள் அம்மாதான். தம்பிக்குக் கல்யாணம் என்றதும் தன் காலில் கிடந்த தண்டையைக் கழற்றி ஆசாரியிடம் கொடுத்து, உருக்கி, கொடியாகச் செய்து போட்டுவிட்டாள். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையையும் அவன் கூடப்பிறந்தவளையும் சேர்த்து நிறுத்தி ஒரு சீர் செய்வார்கள், இணைச்சீர் என்று பேர். பொண்டாட்டி வந்தாலும் பிறந்தவளைக் கைவிட மாட்டேன் என்பதுதான் அதன் அர்த்தம். அம்மா அதற்குத் தனியாக ஓர் அர்த்தம் வைத்திருந்தாள். தம்பி மேல் முதல் பாத்தியம் தனக்கு, தாலி வாங்கினவளுக்கு மிச்சம்தான்.

தாலி வாங்கினவள் என் அத்தை. ஆத்தூருக்குக் கிழக்கே இருந்து வந்தவள். பேச்சு வேறு, நடை வேறு. நாம் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுவோம், அவளுக்கு அது நாக்கில் நிற்காது. அம்மாவுக்கு அதுவே பெரிய குற்றம். "மருவாதி தெரியாத எடத்துல பொண்ணெடுத்துப்போட்டோம்" என்று வருசக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். போதாததற்கு அத்தைக்குப் பிள்ளை இல்லை. வாய் பேசாதவள், வெளியூர்க்காரி, மலடி என்று பேர் எடுத்தவள். அவளை எதற்கு வேண்டுமானாலும் குறை சொல்லலாம், கேட்க ஆளில்லை.

யுத்த காலத்தில் ஒரு ஐப்பசி. மாமன் ஊரில் ஒரு காதுகுத்துக்கு நானும் அம்மாவும் போனோம். மாமன் வந்து வண்டியிலிருந்து என்னை இறக்கினார். இறக்கும்போதே அவர் கை வேறு மாதிரி இருந்தது. சட்டை, ஆணியில் மாட்டினதுபோலத் தோளில் தொங்கியது. அம்மா அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த ஒறம்பரைக்காரி ஒருத்தி, எங்களுக்குப் பெரியம்மா முறை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்: "ஏனுங்க தம்பி, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு? உங்கூட்டுல ஒல வெக்கறதில்லீங்களா?"

பந்தியே சிரித்தது. மாமனும் சிரித்தார். "வண்டி மாட்டுக்குப் பாரங் கொறையட்டுமுன்னுதானுங்க" என்றார். அவர் இலையில் கறி வைத்தது வைத்தபடி இருந்தது. தண்ணீர்ச் சொம்போடு பின்னால் நின்ற அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமன் வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகச் சமையல்கட்டுக்குப் போய் ஒவ்வொரு மூடியாகத் தூக்கிப் பார்த்தாள். ஒரு பானையில் கம்மங்கூழ், ஒன்றில் மோர், அவ்வளவுதான்.

"இதத்தான் போடறயா எந்தம்பிக்கு?"

"கறி வாசனையே அவருக்கு ஆவல. வாந்தி வருது. இது ஒண்ணுதான் வயித்துல நிக்குது" என்றாள் அத்தை.

"நிக்குதா! மாட்டுக்கு ஊத்தறத எந்தம்பிக்கு ஊத்திப்போட்டு நிக்குதுங்கறயா? மலையாட்ட இருந்தவனச் சக்கையாக்கிப்போட்டயே, பாவி!"

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். தம்பியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டுத் தேற்றி அனுப்புவது. "இணைச்சீர்ல அவங்கூட நின்னவ நான். எனக்கில்லாத பாத்தியமா?" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

"நானும் வரேன்" என்றாள் அத்தை.

"நீ எதுக்கு? இங்க ஊத்துனத அங்க வந்தும் ஊத்தறதுக்கா? மாடு கன்னப் பாத்துட்டுக் கெட. சதை புடிச்சு அனுப்பறேன், அப்பப் பாத்துக்க."

மாமன் அத்தையைப் பார்த்து, "ஒரு மாசந்தான? அக்கா ஆசையத் தீத்துப்போட்டு வாரேன்" என்றார். அவர் வண்டியில் ஏறப் போகும்போது அத்தை குனிந்து அவர் வேட்டியை இடுப்பில் இறுக்கிச் சொருகினாள். சட்டைக்கு உள்ளே கைவிட்டு எதையோ தடவிப் பார்த்தாள், ஒரு முடிச்சை இழுத்துச் சரி செய்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஊரு பாக்கக் கொஞ்சல் வேற" என்று முனகினாள்.

அப்புறம் எங்கள் வீட்டில் அடுப்பு அணையவே இல்லை. அரிசி குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. அம்மா எங்கிருந்தோ பச்சரிசி வாங்கி வந்தாள். வெள்ளாட்டு நெஞ்செலும்புச் சாறு, கோழி ரசம், உளுந்தங்களியில் குழி பறித்து ஊற்றின நல்லெண்ணெய், எள்ளுருண்டை, பச்சை முட்டை. விடிந்தால் ஒன்று, வெயில் ஏறினால் ஒன்று. மாமன் இரண்டு வாய் வைப்பார். மூன்றாவது வாய்க்குக் கண் கலங்கும். "வயிறு ரொம்பிப்போச்சுக்கா" என்பார். "ரெண்டு வாய்க்கே எப்பிடி ரொம்பும்? அவ குடலச் சுருக்கிப்போட்டா" என்று அம்மா மூன்றாவது வாயைத் திணிப்பாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் கொல்லைப்பக்கம் வாந்தியாக வந்துவிடும்.

கடைசியில் மாமன் ஒரு பேரம் பேசினார். "மருமவ எதுக்க உக்காந்து தின்னா நானுந் தின்னறேன்." எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். நான் ஒரு வாய், அவர் ஒரு வாய் என்று ஆரம்பிக்கும். என் தட்டு காலியாகும்போது அவர் தட்டில் மலை அப்படியே இருக்கும். அந்தப் பருவத்தில் எங்கள் வீட்டில் சதை பிடித்தது நான் ஒருத்திதான். பாவாடை நாடா எட்டாமல் போய், அம்மா புது நாடா போட்டாள்.

ஒருநாள் மாமனுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. "வா சாமி, தோள்மேல ஏறு" என்றார். என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். என் கால் தரையை விட்டுக் கிளம்பியது, உடனே மறுபடியும் தரைக்கே வந்துவிட்டது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "மருமவ கனத்துப்போயிட்டா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

எங்கள் அப்பா அவரைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். அப்போதெல்லாம் கரி பஸ், பின்னால் அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு இருமி இருமிப் போகும். டாக்டர் மாமன் வயிற்றை அமுக்கிப் பார்த்தாராம். உள்ளே கல் மாதிரி ஒரு கட்டி இருக்கிறது, கத்தி வைத்து எடுக்கிறதென்றால் இந்த உடம்பு தாங்காது, கொஞ்சம் சதை பிடித்தால் கூட்டி வாருங்கள் என்றாராம். திரும்பும் வழியில் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்தார். டாக்டர் சொன்னதை வாசலிலேயே நின்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவின் காதில் 'சதை பிடித்தால்' என்பது மட்டும்தான் விழுந்தது. சதை பிடித்துவிட்டால் தம்பி பிழைத்துவிடுவான். அதற்கப்புறம் அவள் நெய்யை அளந்து ஊற்றுவதை நிறுத்திவிட்டாள்.

பாவம், அவளுக்கென்ன தெரியும்? பல வருசம் கழித்து எங்கள் சொந்தத்தில் டாக்டருக்குப் படித்த பையன் ஒருத்தன் எனக்கு விளக்கிச் சொன்னான். பட்டினியில் இளைப்பது வேறு, புற்றுநோயில் இளைப்பது வேறு என்றான். பட்டினி கிடந்தவனுக்குச் சோறு போட்டால் தேறிவிடுவான். இதில் அந்தக் கட்டி உடம்பின் கணக்கையே மாற்றிவிடும். பசி அடங்கிப்போகும், ருசி கெட்டுப்போகும், உள்ளே போகிற கொஞ்சநஞ்சமும் உடம்பில் ஒட்டாது. கொழுப்பு மட்டுமில்லை, தசையே கரையும். சோற்றை மட்டும் போட்டு அதை நிறுத்த இன்றைக்கும் முடியாதாம். "அப்ப யார் கைக்குத்தமும் இல்லையா?" என்று கேட்டேன். "இல்லவே இல்லை" என்றான். இந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு அம்மாவிடம் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போயிற்றே என்று உட்கார்ந்து அழுதேன்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. அப்பா மாமனுக்கு எண்ணெய் தேய்த்தார். அம்மா தலைக்குத் தேய்க்க அரப்புக் கரைத்து எடுத்து வந்தாள். கோவணத்தோடு மாமனைப் பகல் வெளிச்சத்தில் அப்போதுதான் பார்த்தோம். கழுத்தெலும்புக்கு மேலே ஊற்றின எண்ணெய் குழியில் தேங்கி நின்றது. உட்காருகிற இடத்தில் சதையே இல்லை, வெறும் எலும்பு. பலகையில் உட்கார முடியாமல் சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். அரணாக்கொடியில் கொக்கி இருக்கிற இடத்தில் கறுப்புக் கயிறு போட்டு முடிந்திருந்தது. கொடி பாதிதான் இருந்தது.

அம்மா கையிலிருந்த அரப்பு கீழே விழுந்தது. "வெள்ளி எங்கடா?"

"எளைக்க எளைக்கக் கொடி கீழ எறங்குதுக்கா. அவதான் கண்ணியக் கழட்டிக் கழட்டிச் சின்னது பண்ணுனா."

"கழட்டுன வெள்ளி எங்க?"

"அவகிட்டத்தான் இருக்கும்."

"இருக்குமா! எந்தண்டையடா அது! நானு கால மொட்டையா வெச்சுட்டு உனக்குப் போட்டது. பொறந்த ஊட்டுக்கு மூட்ட கட்டிப்போட்டா அந்தக் கெழக்கத்திக்காரி!"

"இல்லக்கா" என்று மாமன் என்னவோ சொல்ல வந்தார். இருமல் வந்துவிட்டது. அதற்குள் அம்மா வாசலுக்குப் போயிருந்தாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அத்தை திருடியாகிவிட்டாள். நாமகிரிப்பேட்டை பக்கம் போகிற வண்டிக்காரர்கள் வாயிலேயே செய்தி அத்தைக்கும் போய்ச் சேர்ந்தது.

நாலைந்து நாளில் அத்தை வந்து நின்றாள். தலையெல்லாம் புழுதி, கையில் கூழ் கொண்டுவந்த ஒரு தூக்குப்போசி. அம்மா நிலைப்படியில் நின்றாள். நம் பக்கத்தில் எதிரி வந்தாலும் 'வாங்க' என்றுதான் முதல் வார்த்தை வரும். அந்த வார்த்தை இல்லாமல் யாரும் படியேற மாட்டார்கள். அம்மா அதைச் சொல்லவில்லை.

அத்தை மடியை அவிழ்த்தாள். ஒரு துணி முடிச்சு, அதற்குள் கண்ணிகள். ஒன்றோடொன்று உரசி மெதுவாகச் சத்தம் போட்டன. "உடம்பு தேறுனா திருப்பிக் கோத்துக்கலாம்னு வச்சிருந்தேன். எல்லாம் இருக்குது, பாத்துக்கோ" என்றாள்.

அம்மா ஒரு கணம் திகைத்தாள். ஆனால் அவள் வாய் தோற்கிற வாயா? "நீட்டிப்போட்டா ஆச்சா? ஒவ்வொரு கண்ணியாக் கழட்டயில தெரியலயா உனக்கு, எந்தம்பி தேஞ்சுட்டு இருக்கறான்னு? எனக்கொரு வார்த்த சொல்லியுட்டயா? அப்பவே சொல்லியிருந்தா அப்பவே தேத்தியிருப்பேனே! மறச்சு வெச்சுக் கொன்னுபோட்டயே!"

"அவருதான் சொல்ல வேணாம்னாரு. அக்கா தாங்கமாட்டான்னாரு."

"போ, போய்ச் சேரு" என்று அம்மா கதவைச் சாத்தினாள்.

உள்ளே மாமன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். "அவ சத்தமாட்ட கேட்டுச்சே" என்றார். "ஆருமில்ல, நீ படு" என்றாள் அம்மா. மாமன் அம்மாவையே பார்த்தார். சண்டை போட அவரிடம் உடம்பில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அத்தை ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் கட்டுத்தரையில் மாடுகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர்களுக்குச் சாணி அள்ளிக் கொட்டினாள், சோளத்தட்டு வெட்டிப் போட்டாள். நான் தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் வேலிப் பக்கம் வந்து நிற்பாள். "இன்னிக்கு மாமாவுக்கு எது நின்னுச்சு?" என்று கேட்பாள். "ஒண்ணும் நிக்கலீங்கத்தை" என்பேன். எதிர்வீட்டில் மோர் வாங்கி வைத்திருப்பாள், அதைக் கொடுத்துவிட வழி தெரியாமல் அவளே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு சுவர், ஒரு தெரு, அவ்வளவுதான் அவளுக்கும் அவருக்கும் நடுவில். அத்தனை வருசம் குடும்பம் நடத்தினவள், புருசன் சாகக் கிடக்கும்போது 'வா' என்கிற ஒரு எழுத்துக்காக மாட்டுக் கொட்டாயில் கிடந்தாள்.

மார்கழிக் காலை ஒன்றில் மாமன் எழுந்து கொல்லைக்குப் போக நின்றார். அம்மா பக்கத்தில் இருந்தாள், நானும் இருந்தேன். வேட்டியைச் சரி செய்ய வயிற்றை எக்கினார். அரணாக்கொடி வழுக்கி, தொடையில் நிற்காமல், முழங்காலில் நிற்காமல், பாதத்தில் போய்ச் சுருண்டு விழுந்தது.

அது உயிரோடிருக்கிற ஆண்பிள்ளை இடுப்பை விட்டு இறங்கக் கூடாத பொருள் என்று உங்களுக்குத் தெரியும். பிணத்திலிருந்துதான் எடுப்பார்கள். மாமன் குனிந்து தன் காலைப் பார்த்தார், அப்புறம் அம்மாவைப் பார்த்தார். "அக்கா, அதப் போட்டுடு" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

அம்மா கதவைச் சாத்தினாள். அப்பாவின் குறட்டைத் தேடி எடுத்தாள். கண்ணிகளைக் கழற்றினாள். மிச்சத்தை அவர் இடுப்பில் சுற்றிக் கயிற்றால் முடிந்தாள். கழற்றின வெள்ளியை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முந்தானையில் முடிந்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"ஆருகிட்டயும் சொல்லிப்போடாத சாமி. உங்கப்பங்கிட்டக்கூடச் சொல்லாத" என்றாள் என்னிடம்.

அன்றைக்கென்று பார்த்து அந்தப் பந்திக்காரப் பெரியம்மா, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நோயாளியைப் பார்க்க வந்துவிட்டாள். அம்மா "வாங்க வாங்க" என்று முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொண்டாள். "இப்பக் கொஞ்சம் தேறீட்டு வாரானுங்க" என்றாள். பெரியம்மா கட்டிலைப் பார்த்தாள். போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை.

"அட கடவுளே! ஏம்மா, உங்கூட்டுக்கு வந்துமா இப்பிடி எளச்சுட்டாரு?" என்றாள்.

கேட்டுவிட்டு அவள் கண் எங்கே போனது தெரியுமா? எங்கள் சமையல்கட்டுக்குப் போனது.

அம்மா தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குப் பந்தியில் அத்தை நின்ற அதே மாதிரி. எங்கள் அம்மாவுக்கு வார்த்தை வராமல் போனதை என் ஆயுசில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். இடுப்பில் சொருகின முடிச்சைக் கையால் அமுக்கிப் பிடித்தாள். சொம்பை அங்கேயே வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டி நேராக எதிர்வீட்டுக் கட்டுத்தரைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அத்தை கூடையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். அம்மா அவளெதிரே நின்று, முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையை நீட்டினாள். அத்தை வெள்ளியைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"காலைல சாப்ட்டாரா?" என்று கேட்டாள்.

"எங்கையாலயுந் திங்கமாட்டேங்கறானே! நானு என்னத்தடி பண்ணுவேன்!" அம்மா தெருவென்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே அத்தையின் கையைப் பிடித்தாள், சாணிக் கையை. "வா. உள்ள வா. உம்புருசனப் பாரு வா."

வந்த நாலு பேரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அத்தையைக் கையைப் பிடித்துப் படியேற்றிக்கொண்டே பெரியம்மாவிடம் சொன்னாள்: "நெய்யும் கறியுமா எங்கையால போட்டேனுங்க, எங்கையிலயும் எளச்சுட்டான். இவ கையில ஒரு குத்தமும் இல்லீங்க. திருடீன்னு சொன்ன என் வாய்தானுங்க அழுகோணும். போறபக்கமெல்லாம் சொல்லீருங்க." பெரியம்மா செருப்பைத் தேடினாள்.

அத்தை கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். மாமன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்க போயிட்ட இத்தன நாளா?" என்றார். "இங்கதான் இருந்தேன்" என்றாள். தூக்குப்போசியில் மோர் விட்டுக் கம்மங்கூழைக் கரைத்து, உப்புப் போட்டு, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். போதும் என்றதும் நிறுத்திவிட்டாள், இன்னொரு வாய் என்று கெஞ்சவில்லை. அது நின்றது. அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்து அந்தப் போசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை பிறந்ததும் மாமன், "எங்காட்டுல மஞ்ச வெட்டற நேரம்" என்றார். அவரை அவர் வீட்டுக்கே கூட்டிப்போனோம். வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் மெத்தை போட்டு, அப்பா ஒற்றை ஆளாக அவரைத் தூக்கி ஏற்றினார். அங்கே போய் இறங்கியதும் அம்மா படியேறாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். அத்தை திரும்பிப் பார்த்து, "வாங்க நங்கை" என்றாள். புருசனின் அக்காளை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அத்தை அந்த முறையைச் சொல்லி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஊரெல்லாம் மஞ்சள் வேகிற வாசம் வந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் மாமன் போய்விட்டார். அத்தை மடியில் தலை இருந்தது, அம்மா காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குளிப்பாட்டினபின் பங்காளிப் பெரியவர் ஒருவர், "அரணாக்கொடிய எடுத்துருங்க" என்றார்.

அத்தை மடியிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்தாள். அம்மா முந்தானையை அவிழ்த்தாள். இரண்டு பேரும் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சக் கொடியின் கயிற்றை அவிழ்த்து, அதோடு கண்ணிகளைக் கோக்க ஆரம்பித்தார்கள். குறடு ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி கைக்கு மாறியது. "எடுக்கத்தானம்மா போறோம், அப்பறம் எதுக்குக் கோத்துக்கிட்டு?" என்றார் பெரியவர்.

"நான் போட்டது முழுசுங்க. முழுசாப் போட்டுத்தான் எடுப்போம்" என்றாள் அம்மா.

கோத்து முடித்ததும் மாமன் இடுப்பில் போட்டார்கள். அவர் நல்லா இருந்த காலத்தில் கொக்கி மாட்ட மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டிய கொடி அது. ஒரு சுற்றுப் போய்க் கொக்கியைத் தாண்டி, மறுபடியும் முதுகுப் பக்கம் போய், இன்னொரு சுற்றும் வந்து முடிந்தது. வெளியே மஞ்சள் அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"எடு. நீதான் எடுக்கோணும்" என்று அம்மா அத்தையிடம் சொல்லிவிட்டு எழுந்து நகர்ந்துகொண்டாள்.

அத்தை கொக்கியைக் கழற்றி, கொடியைக் கையில் சுற்றிச் சுற்றி எடுத்தாள். ஒரு சுற்று வந்ததும், முடிந்துவிட்டதென்று நினைத்துக் கையை நிறுத்திவிட்டாள். அப்புறம் குனிந்து பார்த்தாள். இன்னும் ஒரு சுற்று இருந்தது.